எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட்டின் புள்ளிவிவரங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

வினா: எடிசன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் எட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்த்து வருகிறேன். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் பலரில் ஒருவன். சென்ற வாரம் நண்பர்கள் கூடிப் பேசியபோது, வாஷிங்டனில் இயங்கும் கொள்கை ஆய்வு நிறுவனமான எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் 2020-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையை ஒருவர் எடுத்துக்காட்டினார். அமெரிக்கத் தொழிலாளர் துறை சான்றளிக்கும் எச்-1பி பணியிடங்களில் 60 விழுக்காடு, அந்தந்த வட்டாரத்தின் இடைநிலை ஊதியத்தைவிட (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் ஊதியம்) குறைவான ஊதிய நிலைகளில் வைக்கப்படுகின்றன என்பது அதன் சாரம். உடனே இன்னொருவர், "அது தொழிற்சங்கப் பணத்தில் நடக்கும் இடம், வேறு எப்படிச் சொல்வார்கள்?" என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிட்டார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. என் ஐயம் மட்டும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடியது. இ.பி.ஐ. என்ற சுருக்கப் பெயரில் ஒரு கட்டுரை, குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்கிறது. அதே சுருக்கப் பெயரில் இன்னொரு கட்டுரை, உயர்த்தினால் இளைஞர்கள் வேலை இழப்பார்கள் என்கிறது. ஒரே நிறுவனம் இரண்டு நாக்கில் பேசுமா? இவர்கள் யார், இவர்களுக்கு யார் பணம் தருகிறார்கள், உற்பத்தித்திறன் ஏறியும் ஊதியம் ஏறவில்லை என்று எல்லோரும் பகிரும் அந்த வரைபடம் சரிதானா, அந்த 60 விழுக்காட்டை நான் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கணக்காயர்

முதலில் இரண்டு நாக்கு விவகாரத்தை முடித்துவிடுவோம், ஏனெனில் இதில் ஏமாறுபவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. நீங்கள் பார்த்தவை இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள். எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் 1986-இல் தொடங்கப்பட்டது. எம்ப்ளாய்மென்ட் பாலிசீஸ் இன்ஸ்டிட்யூட் என்பது 1991-இல் தொடங்கப்பட்ட வேறொன்று. அதை நிறுவி நடத்தியவர் ரிச்சர்ட் பெர்மன் என்ற மக்கள் தொடர்பு வல்லுநர், அவருடைய நிறுவனத்துக்கு உணவகத் துறையோடு நெடுநாள் தொடர்பு உண்டு. முதல் எழுத்துகள் மூன்றும் ஒன்றே; இரண்டுமே வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் இலாப நோக்கற்ற அமைப்புகளாகப் பதிவானவை; குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றி அவை சொல்வது மட்டும் நேர் எதிர். 2014-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இந்தப் பின்னணியை விரிவாக எழுதியது. ஆகவே "இ.பி.ஐ. ஆய்வின்படி" என்று எங்கே படித்தாலும் முழுப் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே மேற்கொண்டு படியுங்கள்.

இனி நீங்கள் கேட்ட நிறுவனத்தின் கதை. ரேகன் ஆட்சிக் காலத்தில் வாஷிங்டனின் கொள்கை ஆய்வு நிறுவனங்களில் வணிகத் தரப்பின் குரலே ஓங்கி ஒலித்தது. குறைந்த, நடுத்தர வருவாய் உடைய தொழிலாளர்களின் கண்கொண்டு பொருளாதாரத்தைப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று கருதிய ஆறு பேர் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். அவர்களில் ஜெஃப் ஃபோ முதல் தலைவரானார். ரே மார்ஷல், கார்ட்டர் அரசில் தொழிலாளர் துறைச் செயலராக இருந்தவர். ராபர்ட் ரைச், பின்னாளில் கிளின்டன் அரசில் அதே பதவிக்குச் சென்றவர். எம்.ஐ.டி. பேராசிரியர் லெஸ்டர் தரோ, பொருளியலாளர் பேரி புளூஸ்டோன், இதழாளர் ராபர்ட் கட்னர் ஆகியோர் மற்ற மூவர். 2002-இல் லாரன்ஸ் மிஷல் தலைவரானார். அவருக்குப் பிறகு, தொழிற்சங்கக் கூட்டமைப்பில் பணியாற்றிய தியா லீ வந்தார். 2021 முதல் ஹைடி ஷீர்ஹோல்ஸ் தலைமை வகிக்கிறார், அவர் அதற்கு முன் ஒபாமா காலத்தில் தொழிலாளர் துறையின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர்.

பணத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. பெரும்பங்கு தனியார் அறக்கட்டளைகளின் நல்கையாக வருகிறது. தொழிற்சங்கங்கள் தருவது, நிறுவனம் தானே வெளியிட்ட கணக்கின்படி, 2010-களின் முற்பகுதியில் நான்கில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. ஆட்சிக்குழுவில் தொழிற்சங்கத் தலைவர்கள் அமர்ந்திருக்கிறார்கள், அதை யாரும் மறைக்கவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு: இங்கே வேலை செய்யும் ஆய்வாளர்களும் தங்களுக்கென்று 1998-இல் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள், பிற்காலத்தில் வேறு பல இலாப நோக்கற்ற அமைப்புகளின் ஊழியர்களும் அதே சங்கத்தில் சேர்ந்தார்கள். ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் தம் வீட்டில் அதைக் கடைப்பிடிப்பது அரிது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

501(சி)(3) என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நன்கொடையாளருக்கு வரிவிலக்கு உண்டு. அதற்கு ஈடாகத் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டும் பணிக்கும் வரம்பு உண்டு. ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 என்ற படிவத்தை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். அதில் மொத்த வரவும் உயர் அலுவலர்களின் சம்பளமும் தெரியும். நன்கொடையாளர்களின் பெயர்கள் தெரிய வேண்டியதில்லை. ஒரு கொள்கை நிறுவனத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது, சட்டம் கேட்காத இந்தப் பெயர்களை அது தானாக வெளியிடுகிறதா என்பதைத்தான்.

மறுமொழி 2: பாளையங்கோட்டை வாத்தியார்

நான் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வரைபடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், சற்று நீளும், பொறுத்தருள்க.

அந்த வரைபடம் சொல்வது இது: 1948 முதல் 1979 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தித்திறனும் சாதாரணத் தொழிலாளியின் மணிநேர ஊதியமும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறின. அதன்பின் இரு கோடுகளும் பிரிந்துவிட்டன. 1979-க்கும் 2020-க்கும் இடையே உற்பத்தித்திறன் 61.8 விழுக்காடு ஏறியது, ஊதியம் 17.5 விழுக்காடு மட்டுமே ஏறியது. எண்கள் அரசின் தரவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை, புனையப்பட்டவை அல்ல. ஆனால் எந்த வரைபடத்துக்குப் பின்னாலும் சில தேர்வுகள் இருக்கும், அவற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது விளங்கும்.

முதல் தேர்வு, யாருடைய ஊதியம் என்பது. கீழ்க்கோடு எல்லா ஊழியர்களின் சராசரி அன்று. மேற்பார்வைப் பொறுப்பில் இல்லாத ஊழியர்களின் ஊதியம், அதாவது தனியார் துறையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருடையது. ஒரு பட்டறையில் ஐவர் மணிக்கு முறையே 10, 12, 15, 18, 45 டாலர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 20, இடைநிலை 15. ஐந்தாமவருக்கு மட்டும் 95 டாலர் ஆக்கினால் சராசரி 30-க்குத் தாவுகிறது, இடைநிலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. உற்பத்தித்திறன் என்பது இயல்பிலேயே ஒரு சராசரி. ஆகவே சராசரியோடு நடுவில் நிற்பவரை ஒப்பிடுவது தவறு என்று சிலர் வாதிடுகிறார்கள். நிறுவனத்தின் பதில், அந்த இடைவெளியைக் காட்டுவதுதானே எங்கள் நோக்கம் என்பது. என் கருத்தில் நிறுவனத்தின் பதில் சரி, ஆனால் வரைபடத்தைப் பகிர்பவர்கள் பலர் இதை "முதலாளி பங்கு பெருத்தது, தொழிலாளி பங்கு சிறுத்தது" என்று மட்டும் படிக்கிறார்கள். உண்மையில் இடைவெளியின் பெரும்பகுதி உழைப்பவர்களுக்குள்ளேயே மேல்தட்டுக்கும் மற்றவர்க்கும் இடையே விழுந்தது.

இரண்டாவது தேர்வு, ஊதியம் என்றால் எது என்பது. கைக்கு வரும் கூலியை மட்டும் எடுத்தால் இடைவெளி பெரிதாகத் தெரியும், ஏனெனில் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் நிறுவனங்கள் செலுத்தும் தொகை இத்தனை ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. இந்த நிறுவனம் அவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது. இதைக் கவனிக்காமல் குறை சொல்பவர்கள் உண்டு. உற்பத்தியின் பக்கமும் இயந்திரங்களின் தேய்மானத்தைக் கழித்த பிறகே கணக்கு வைக்கிறார்கள், தேய்மானத்தை யாருக்கும் சம்பளமாகப் பிரித்துத் தர முடியாது என்பதால்.

மூன்றாவது தேர்வுதான் நுட்பமானது. தொழிலாளி வாங்குவது வீட்டு வாடகை, மருத்துவம், காய்கறி. நாடு உற்பத்தி செய்வதில் கணினிகளும் இயந்திரங்களும் அடங்கும், அவற்றின் விலை ஏற்றம் வேறு வேகத்தில் நிகழ்ந்தது. ஊதியத்தை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணாலும் உற்பத்தியை உற்பத்திப் பொருள்களின் விலையாலும் சரிசெய்தால், பங்கீடு மாறாமலிருந்தாலும் ஒரு பிளவு தோன்றும். ஹார்வர்டின் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன் 2008-இல் முன்வைத்த எதிர்வாதத்தின் உயிர்நாடி இதுவே: மொத்த ஊதியத்தை எடுத்து, இரண்டுக்கும் ஒரே விலைக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள், பிளவு பெரும்பாலும் மறைந்துவிடும் என்றார். 2015-இல் இந்த நிறுவனத்தின் ஜோஷ் பிவென்ஸும் லாரன்ஸ் மிஷலும் எழுதிய ஆய்வில் இந்த விலை வேறுபாட்டைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். 1973 முதல் 2014 வரையிலான இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றத்தாழ்வு பெருகியதாலேயே வந்தது என்பது அவர்கள் முடிவு. எஞ்சியது விலைகளின் வேறுபாடு. தம் வரைபடத்தில் ஒரு பகுதி இப்படி வருகிறது என்று தாமே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எக்ஸ் தளத்தில் வரும் படத்தில் அந்த வரி இருப்பதில்லை.

இதுவரை அளவீடு, காரணம் வேறு கதை. தொழிற்சங்கங்கள் நலிந்தது, குறைந்தபட்ச ஊதியம் விலைவாசியால் தேய்ந்தது, வேலையின்மையை அரசு சகித்துக்கொண்டது என்று கொள்கைத் தேர்வுகளையே இந்த நிறுவனம் காரணமாகக் காட்டுகிறது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை: தொழிற்சங்கத்தில் இருக்கும் ஊழியர்களின் பங்கு 1983-இல் 20.1 விழுக்காடு, 2024-இல் 9.9 விழுக்காடு. ஆனால் தொழில்நுட்ப மாற்றத்தை முதன்மைக் காரணமாகக் கொள்ளும் பொருளியலாளர்களும் நிறைய. பொருளியலாளர்கள் அன்னா ஸ்டான்ஸ்பரியும் லாரன்ஸ் சம்மர்ஸும் செய்த ஆய்வு நடுவழியில் நிற்கிறது: உற்பத்தித்திறன் வளர்ச்சி ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடும் காலங்களில் இடைநிலை ஊதியத்தின் வளர்ச்சியும் 0.7 முதல் 1 புள்ளி வரை கூடுகிறது என்றார்கள். அதாவது கயிறு அறுந்துவிடவில்லை. வேறு ஏதோ விசை அதே சமயத்தில் ஊதியத்தைக் கீழே இழுத்திருக்கிறது. அந்த விசைக்குப் பெயர் சூட்டும் இடத்தில்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் சாய்வும் வெளிப்படுகிறது.

மறுமொழி 3: சந்தேகப் பிராணி

வாத்தியார் ஐயா மென்மையாகச் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். சாய்வு விளக்கத்தில் மட்டுமல்ல, எந்த எண்ணைத் தலைப்பில் வைப்பது என்பதிலும் இருக்கிறது. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலை முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது. அதை 2025-க்குள் 15 டாலர் ஆக்கும் மசோதா 2021-இல் வந்தபோது, 3 கோடியே 20 லட்சம் பேருக்கு ஊதியம் உயரும் என்று இந்த நிறுவனம் தலைப்பிட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கட்சி சார்பற்ற பட்ஜெட் அலுவலகமோ, 1 கோடியே 70 லட்சம் பேருக்கு நேரடியாக உயரும், 15 டாலருக்குச் சற்று மேலே உள்ள இன்னும் 1 கோடி பேருக்கு உயரக்கூடும், 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வர், 14 லட்சம் வேலைகள் குறையும் என்றது. முதல் அறிக்கையின் தலைப்பில் அந்தக் கடைசி எண்ணுக்கு இடமில்லை. வேலை இழப்பு மிகக் குறைவு என்பது அவர்களுடைய நிலைப்பாடு, அதை வாதிட அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வாசகர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுமொழி 4: கணக்காயர்

சந்தேகப் பிராணி சொன்ன இரண்டு மதிப்பீடுகளையும் அருகருகே வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு. 14 லட்சம் என்பதும் ஒரு பரந்த வரம்பின் நடுப்புள்ளி என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஊதியத்தை உயர்த்தினால் வேலை குறையுமா என்ற இந்த வாதத்தின் வேர் எடிசன்வாசி இருக்கும் மாநிலத்திலேயே கிடக்கிறது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி தன் குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கும், ஊதியம் உயராத அண்டைப் பகுதியான கிழக்குப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களைக் கணக்கெடுத்து, வேலைவாய்ப்பு குறையவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பட்டியல் தரவுகளைக் கொண்டு அதை மறுத்தார்கள். அந்தத் தரவுகளில் ஒரு பகுதியை முதலில் திரட்டியது யார் தெரியுமா? மேலே சொன்ன அந்த இன்னொரு இ.பி.ஐ., பெர்மனுடையது. 2000-இல் கார்டும் குரூகரும் அரசின் தரவுகளைக் கொண்டு பதில் எழுதினார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாதம் இன்னும் ஓயவில்லை.

ஓர் ஆய்வுத்தாள் எப்படிச் சட்ட விதியாகிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு ஓவர்டைம் தராமல் இருக்க, அவர் ஆண்டுக்குக் குறைந்தது 23,660 டாலர் வாங்க வேண்டும் என்று 2004-இல் ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. கடையில் உதவி மேலாளர் என்று பெயர் வைத்துவிட்டு 60 மணி நேரம் வேலை வாங்க இது வசதியாக இருந்தது. இந்த வரம்பை விலைவாசிக்கேற்ப உயர்த்த வேண்டும் என்று 2013-இல் ராஸ் ஐசன்பிரேயும் ஜேரட் பெர்ன்ஸ்டைனும் இந்த நிறுவனத்துக்காக எழுதினார்கள். 2014-இல் ஒபாமா விதியைத் திருத்த ஆணையிட்டார். 2016-இல் வரம்பு 47,476 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கு வர சில நாள்களே இருந்த நிலையில், நவம்பரில் டெக்சஸ் நீதிபதி ஒருவர் நிறுத்திவைத்தார். டிரம்ப் அரசு 2019-இல் 35,568 டாலர் என்று முடித்தது. முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. இத்தகைய நிறுவனங்களின் தாள்களில் பெரும்பாலானவை இவ்வளவு தூரம்கூடப் போவதில்லை.

மறுமொழி 5: விசா எழுத்தர்

குடியேற்றச் சட்ட அலுவலகம் ஒன்றில் விண்ணப்பங்கள் தயாரிப்பது என் வேலை. 60 விழுக்காடு என்ற எண்ணை விளக்குகிறேன்.

எச்-1பி ஊழியரை அமர்த்தும் நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையிடம் எல்.சி.ஏ. என்ற விண்ணப்பத்தை அளிக்கிறது. அந்தத் தொழிலுக்கு அந்த வட்டாரத்தில் நிலவும் ஊதியத்தை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை ஏறத்தாழ 17-ஆம் நூற்றுமானம் (அதாவது நூற்றில் 17 பேர் அதைவிடக் குறைவாக வாங்கும் ஊதியம்), இரண்டாம் நிலை 34, மூன்றாம் நிலை 50, நான்காம் நிலை 67. இடைநிலை ஊதியம் என்பது மூன்றாம் நிலைதான். டேனியல் கோஸ்டாவும் ரான் ஹிராவும் அந்த அறிக்கையில் செய்தது, எத்தனை பணியிடங்கள் முதல் இரண்டு நிலைகளில் இருக்கின்றன என்று எண்ணியது. விடை 60 விழுக்காடு. தரவுகள் தொழிலாளர் துறை பொதுவில் வெளியிடுபவை, ஆகவே எண்ணிக்கையில் பிசகு காண்பது கடினம்.

ஆனால் நிலை என்பது சட்டம் கேட்கும் தரைமட்டம். உண்மையில் தரப்படும் சம்பளம் அதற்கு மேலாக இருக்கலாம். தடையற்ற சந்தையை ஆதரிக்கும் கேட்டோ என்ற கொள்கை நிறுவனத்தார் இதைத்தான் பிடித்துக்கொண்டு, பெரும்பாலான நிறுவனங்கள் கட்டாயத் தொகையைவிடக் கூடுதலாகவே தருகின்றன என்று வாதிட்டார்கள். மேலும், எச்-1பி ஊழியர்களில் இளையவர்கள் அதிகம். இடைநிலை ஊதியமோ இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்து எடுக்கப்படுவது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அனுபவமும் பொறுப்பும் கூடிய பணியை விண்ணப்பத்தில் குறைந்த நிலையாக விவரிக்க இடமிருக்கிறது, அதைத் துறை பெரும்பாலும் துருவிப் பார்ப்பதில்லை. பணிகளை வெளியாரிடம் ஒப்படைக்கும் தொழிலே இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது என்பது அறிக்கையின் வாதம். என் மேசையைக் கடந்து போகும் தாள்களை வைத்துச் சொன்னால், இரண்டு தரப்பும் சொல்வது நடக்கிறது.

அந்த அறிக்கையைப் படிக்காமலே நம்மவர்கள் பலர் அதை நமக்கு எதிரானது என்கிறார்கள். படித்தால், குறை சொல்லப்படுவது விதியும் அதைப் பயன்படுத்தும் நிறுவனங்களுமே என்பது தெரியும். விசா முதலாளியின் கையில் இருப்பதால் ஊழியர் பேரம் பேச முடிவதில்லை, தற்காலிக விசாவைவிட நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) தரும் வழியே சிறந்தது என்பது அவர்கள் தொடர்ந்து எழுதுவது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நீங்கள் இதை எதிர்ப்பீர்களா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: எல்.சி.ஏ.-யின் நகலை வேலையில் சேரும் நாளுக்குள் ஊழியருக்குத் தர வேண்டும் என்பது விதி. உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். நிலவும் ஊதியமும் தரப்படும் ஊதியமும் அதில் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும்.

மறுமொழி 6: எடிசன்வாசி

அனைவருக்கும் நன்றி. இரண்டு இ.பி.ஐ. உண்டு என்பதை நண்பர்கள் குழுவில் எழுதியதும், தொழிற்சங்கப் பணம் என்று பேசிய நண்பரே தான் ஒருமுறை அந்த மற்றொன்றின் கட்டுரையை இதனுடையது என்று நினைத்துப் பகிர்ந்ததாக ஒப்புக்கொண்டார்.

விசா எழுத்தர் சொன்னபடி பழைய கோப்பைத் தேடினேன். முதல் விண்ணப்பமும் அதன்பின் வந்த இரண்டு நீட்டிப்புகளும் ஆக மூன்று எல்.சி.ஏ. நகல்கள் கிடைத்தன. மூன்றிலும் எனக்குத் தரப்படும் ஊதியம் சட்டம் கேட்ட தொகையைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. இந்த எட்டு ஆண்டுகளில் நான் தனியாளாக எழுதியதிலிருந்து ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்தும் பொறுப்புக்கு வந்திருக்கிறேன். மூன்று தாள்களிலும் பணியின் நிலை என்ற கட்டத்தில் இருப்பது 2 என்ற ஒரே எண். அடுத்த நீட்டிப்புக்கான படிவத்தை வழக்கறிஞர் அனுப்பும்போது, பணி விவரத்தை யார் எழுதுகிறார்கள், அதை முன்கூட்டியே நான் பார்க்க முடியுமா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். அப்படிக் கேட்பது வழக்கத்தில் உண்டா?

மறுமொழி 7: விசா எழுத்தர்

உண்டு, தயங்காமல் கேளுங்கள். விவரத்தைப் பெரும்பாலும் உங்கள் மேலாளர் எழுதிக் கொடுக்க, வழக்கறிஞர் அலுவலகம் அதை நிலைகளுக்குப் பொருத்துகிறது. குழுவை மேற்பார்வையிடும் பொறுப்பு விவரத்தில் இடம்பெற்றால் நிலைக் கணக்கில் ஒரு புள்ளி கூடக்கூடும். சில பதவிகளுக்கு மேற்பார்வை இயல்பான கடமையாகக் கருதப்படுவதால் கூடாமலும் போகலாம். விண்ணப்பம் தாக்கலாகும் முன்பே கேட்பது நல்லது, தாக்கலான பிறகு திருத்துவது பெரும்பாடு.